ராகுகாலத்தில் தொடங்கிய கணக்கு

எனக்கு வயது அறுபத்தொன்பது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு நான் பெற்றவை, ஒன்று என் தங்கையின் மகள். யாராவது "பெத்தது நாலுதானே" என்று திருத்த வந்தால் எனக்குக் கோபம் வரும். சாப்பாட்டுக் கோப்பை கழுவியவளுக்குத் தெரியும் எத்தனை என்று.

படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு நின்றது. கையெழுத்துப் போடுவேன். பஸ்ஸின் நெற்றியில் எழுதிய ஊர்ப்பெயரை வாசிப்பேன். புத்தூரிலிருந்து வேலைக்குப் போய்வர அது போதுமாக இருந்தது. ஆகவே இதை நான் சொல்லச் சொல்ல என் மூத்தவளின் மகள் ஆரணி எழுதுகிறாள். "ஆக்கள் கதைச்சதைக் கதைச்ச மாதிரியே எழுதுறன் அம்மம்மா. மிச்சத்தைப் புத்தகத் தமிழிலை எழுதுறன்" என்றாள். சரி, உன் விருப்பம் என்றேன்.

பல்கலைக்கழகத்தில் நான் வேலை செய்த துறையில் ஒரு மலர் வெளியிடுகிறார்களாம். பேராசிரியர்களும் பழைய மாணவர்களும் எழுதுகிறார்கள். என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டு வீட்டுக்கு வந்தவள் சுகந்தி. இப்போது அவள் அங்கே விரிவுரையாளர். நான் இருந்த காலத்தில் மாணவி.

"கணிப்பு அறையைக் கழட்டிப் போட்டம் அக்கா" என்றாள். "இனி எல்லாக் கணக்கும் வெளிநாட்டிலை எங்கையோ இருக்கிற கொம்பியூட்டரிலை ஓடும். நாங்கள் இஞ்சையிருந்து அனுப்பினால் சரி. அந்த அறையைப் பற்றி எழுத உங்களை விட்டால் ஆர் இருக்கினம்?"

"அங்கை என்ன நடந்ததெண்டு எனக்கு இண்டைக்கு வரைக்கும் விளங்கேல்லையே பிள்ளை."

"அப்ப விளங்காததை எழுதுங்கோ. விளங்கினதை எழுத நாங்கள் இருக்கிறம்."

அவள் சொன்னபடி விளங்காததைத்தான் சொல்லப் போகிறேன். வாசிக்கிற பிள்ளைகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தும்புத்தடி, வாளி, பினைல், நீளமான விறாந்தை. விரிவுரை முடிந்த மண்டபங்களில் கதிரைகளை நேராக்குவேன். ஆய்வுகூடத்தில் உடைந்த கண்ணாடியைக் கையால் தொடாமல் கூட்டி அள்ளப் பழகினேன். என் வேலையைப் பற்றி ஒருவரும் முறைப்பாடு சொன்னதில்லை. அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஒருநாள் பேராசிரியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் பெயரை இங்கே போடவில்லை. நாங்கள் எல்லோரும் சேர் என்றே கூப்பிட்டோம், அப்படியே இருக்கட்டும். நான் ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போய் நின்றேன்.

"பாக்கியம், உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?"

"அஞ்சு சேர்."

"விடிய அஞ்சு பேரையும் ஒரேயடியாய் எழுப்புவியளோ?"

எனக்கு இது என்ன கேள்வி என்று குழப்பமாக இருந்தது. "எழுப்பினால் கிணத்தடியிலை அடிபாடு வரும் சேர். மூத்தவளை முதல் எழுப்பி, அவள் முகம் கழுவினாப் பிறகுதான் மற்றது."

"அதுதான் வேலை. வாங்கோ" என்று எழுந்து மாடிக்குக் கூட்டிப் போனார்.

மாடியில் கிழக்குப் பக்கம் இருந்த அறை அது. யன்னல்களை அடைத்துக் கறுப்புத் திரை போட்டிருந்தார்கள். உள்ளே ஏசி. இரும்புத் தட்டுகளில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கறுத்தப் பெட்டிகள். ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு சின்னப் பச்சை வெளிச்சம். மேலே இருந்ததை நான் தலைப்பெட்டி என்பேன். அது சொல்வதை மற்றவை கேட்கும். கரண்ட் வந்தவுடன் எல்லாவற்றையும் ஒன்றாக எழுப்பினால் ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிடும். தலைப்பெட்டியை முதலில் எழுப்பி, அதன் வெளிச்சம் துடிப்பு அடங்கிப் பச்சையாகும்வரை பார்த்திருந்து, பிறகு அடுத்தது, பிறகு அதற்கடுத்தது. அவசரக்காரர்களுக்கு ஏற்ற வேலை இல்லை. எனக்கு ஏற்றது.

தூசி தட்டுவதற்கும் ஒரு முறை இருந்தது. எங்கள் பக்கத்துச் செம்மண் பொல்லாதது. காலோடு ஒட்டி வந்து, காய்ந்து, மாவாகி, பெட்டியின் காற்றாடிக்குள் போய் உட்கார்ந்துவிடும். பெட்டி சூடாகி முக்கத் தொடங்கும். ஆகவே செருப்பு வெளியே. ஈரத்துணி கூடாது. காய்ந்த தூரிகையால் முதலில் பெட்டிகளின் பின்பக்கம், பிறகு முன்பக்கம், கடைசியில்தான் நிலம். கரண்ட் போனால் யூபிஎஸ் கத்தும். அது கத்தி ஓயுமுன் நான் படியிறங்கி ஓடி மாணவர்களில் ஒருவரைப் பிடித்துவர வேண்டும். அவர் வந்து, ஓடிக்கொண்டிருக்கும் கணக்கை இருந்த இடத்திலேயே நிறுத்தி வைப்பார். இல்லாவிட்டால் கிழமைக்கணக்கில் ஓடியது வீணாகிவிடும். படி இறங்குவதில் என்னை முந்த அந்தக் கட்டடத்தில் ஆள் இருக்கவில்லை.

சேர் சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு விளிம்பால் துடைப்பார். சரியான கோபம் என்றால் துடைத்ததையே திரும்பவும் துடைப்பார். யாராவது மாணவர் "விடை வந்திட்டுது சேர்" என்று ஓடி வந்தால், என்ன விடை என்று கேட்கமாட்டார். "எத்தினை தரம் வந்தது?" என்று கேட்பார். ஒருதரம் வந்த விடை அவருக்கு விடையே இல்லை. "இன்னும் மூண்டு தரம் விட்டுப் பாரும்" என்று சொல்லிவிட்டுப் பால் விடாத பிளேன்ரீயைக் குடிப்பார். அவருக்குச் சீனி இல்லாமல்.

இனிச் சுகந்தியின் கதைக்கு வருகிறேன்.

அவளுடைய ஆட்கள் மயிலிட்டிக்காரர். அந்தக் காலத்தில் இராணுவம் அவர்களை ஊருக்குப் போக விட்டிருக்கவில்லை. வேறோர் ஊரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, தகப்பன் யோகராசா வேறு ஆட்களின் கரையிலிருந்து மீன்பிடித் தொழிலுக்குப் போய்வந்தார். அந்த வீட்டில் முதன்முதல் படித்து மேலே வந்தவள் இவள்தான். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடமும் கிடைத்திருந்தது. ஆனால் இங்கே செய்துகொண்டிருந்த முதுமாணி ஆய்வை ஒப்பேற்றி, சேரின் கையெழுத்தோடு, குறித்த திகதிக்கு முன் அனுப்ப வேண்டும். தவறினால் அந்த இடம் இன்னொருவருக்குப் போய்விடும்.

அவள் கணக்குப் பார்த்தது எதை என்று நான் பலதரம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் பொறுமையாகச் சொல்லுவாள். ஒவ்வொரு தரமும் நான் புதிதாகக் குழம்புவேன்.

டெங்குக் கிருமிக்குள் ஒரு புரதம் இருக்கிறதாம். அதில் ஒரு பள்ளம். எங்கள் பக்கத்து மூலிகை ஒன்றிலிருந்து எடுத்த ஒரு பொருள் அந்தப் பள்ளத்தில் போய் இருந்துகொண்டால் கிருமிக்கு வேலை ஓடாதாம். எவ்வளவு பிடிப்பாக இருக்கும் என்பதுதான் கேள்வி.

"போத்திலுக்குள்ளை போட்டுக் குலுக்கிப் பாக்கலாமே பிள்ளை?"

"அதுக்குச் சாமான் இல்லை அக்கா. முதல் கணக்கிலை பாப்பம். கொம்பியூட்டருக்குள்ளை புரதத்தையும் வைச்சு, மருந்தையும் வைச்சு, சுத்தித் தண்ணியையும் வைச்சு ஆட விடுவம். பிறகு அந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாய் இல்லாமல் ஆக்குவம்."

"வைச்சதை ஏன் இல்லாமல் ஆக்கிறியள்?"

"இருக்கேக்கை தெரியாது அக்கா. இல்லாமல் போகேக்கைதான் எவ்வளவு பிடிச்சிருந்ததெண்டு தெரியும். ஒரேயடியாய் எடுத்தால் எல்லாம் குழம்பும். படிப்படியாய்க் குறைச்சு, ஒவ்வொரு படியிலையும் எவ்வளவு இழுக்குதெண்டு பாத்துக் கூட்டினால், அதுதான் சுயாதீன சக்தி."

இன்னொன்றும் எண்ண வேண்டுமாம். அந்தப் பொருள் பள்ளத்துக்குள் இருந்துகொண்டே எவ்வளவு இடத்துக்கு அசைந்து அலைகிறது என்பது. அதற்குப் பெயர் எந்திரப்பி. "வெளியிலை தண்ணிக்குள்ளை நிண்டால் நினைச்ச பக்கம் போகலாம். பள்ளத்துக்குள்ளை இருந்தால் ஏலாது. அது அதுக்கு ஒரு நட்டம். அந்த நட்டத்தையும் கழிச்சுத்தான் பிடிப்பைச் சொல்லலாம்" என்றாள்.

அந்த இடம் மட்டும் எனக்கு விளங்கியது. கலியாணம் கட்டிக் கொடுத்த என் நடுவிலாளை நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் போகவில்லை. இல்லாத பொருளை இல்லாத தண்ணீருக்குள் விட்டு, அதை இன்னும் இல்லாமல் ஆக்கி, அது எவ்வளவு நொந்தது என்று எண்ணுகிறார்கள். நான் பெட்டிகளின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டு வந்தேன்.

சேரின் பழக்கம் தெரியும்தானே. கணக்கை நான்கு தரம் ஓட்ட வேண்டும். நான்கும் தனித்தனியாக. கடைசிக் கணக்கு, பெரிய கணக்கு. சுகந்தியின் தாய் பஞ்சாங்கம் பார்க்கும் ஐயரிடம் போய் நல்ல நேரம் கேட்டு வந்துவிட்டா. வீடு குடிபுகுவதற்குப் பார்க்கிறோம், புதுப் படகு இறக்கப் பார்க்கிறோம், இதற்கும் பார்த்தால் என்ன என்று எனக்கும் பட்டது. சேர் இதற்கெல்லாம் குறுக்கே நிற்பவரல்ல. "கும்பிடுறதைக் கும்பிடுங்கோ. கற்பூரம் மட்டும் கொளுத்த வேண்டாம், புகைக்கு மணி அடிக்கும்" என்று சொல்லிவிட்டு விரிவுரைக்குப் போய்விட்டார்.

தலைப்பெட்டிக்கு நான் ஒரு நந்தியாவட்டைப் பூ வைத்தேன். ஐயர் கொடுத்த நேரமோ மிகச் சின்னது. ஒன்றைத் தொடக்கி, அது சரியாக ஓடுகிறதா என்று பார்த்து, அடுத்ததைத் தொடக்கப் போனால், நான்காவது நல்ல நேரத்துக்கு வெளியே விழுந்துவிடும் என்று பிள்ளைக்குப் பயம்.

"அப்ப நாலையும் சேத்தே தொடக்கி விடு மோனை" என்றா தாய்.

"ஓம் அம்மா. நேரத்தைக் குடுத்து வைச்சால் கொம்பியூட்டர் தானே நாலையும் ஒரே செக்கனிலை தொடக்கும்."

அப்படியே செய்தாள். குறித்த நேரம் வந்ததும் நான்கு பெட்டிகளின் வெளிச்சங்களும் ஒன்றாய்த் துடித்தன. தாய் கைகூப்பினா. நானும் கூப்பினேன். கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

கிழமைகள் ஓடின. கரண்ட் எங்களுக்கு இரக்கம் காட்டியது. கணக்கு முடிந்த அன்று சுகந்தி விறாந்தை நீளத்துக்கு ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"அக்கா, நாலும் ஒரே விடை! பிடிப்பெண்டால் அப்பிடி ஒரு பிடிப்பு!"

மாணவர்கள் கன்ரீனிலிருந்து வடையும் றோல்ஸும் கொண்டுவந்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றினேன். சேர் வந்தார். சுகந்தி வெண்பலகையில் நான்கு இலக்கங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினாள். எனக்கு இலக்கம் வாசிக்க வரும். நான்கும் ஒன்றுதான்.

"எத்தினை தரம் வந்தது?" என்று சேர் வழக்கம்போலக் கேட்டார்.

"நாலு தரமும் சேர்!"

சேர் வடையைத் தட்டில் திரும்ப வைத்தார். "புள்ளிக்குப் பிறகு ஒரு இலக்கத்தோடை நிப்பாட்டியிருக்கிறீர். மிச்சத்தையும் எழுதும்."

அவள் தாளைப் பார்த்து எழுதினாள். முதல் வரியில் இரண்டாம் இலக்கம், மூன்றாம் இலக்கம், நான்காம் இலக்கம். இரண்டாம் வரியிலும் அதே. மூன்றாம் வரிக்கு வரும்போது அவள் கை மெதுவாகிவிட்டது. நான்காம் வரியை எழுதவே இல்லை. பேனையின் மூடியை மூடிவிட்டாள்.

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "நாலும் ஒண்டாய் வந்தால் நல்லதுதானே சேர்?" என்று கேட்டேன். சேரிடம் நான் கேள்வி கேட்டது அதுதான் முதல் தரம்.

சேர் என் பக்கம் திரும்பினார். "பாக்கியம், சோதினையிலை நாலு பிள்ளையள் ஒரே சரியை எழுதினால் என்ன நினைப்பியள்?"

"நல்லாய்ப் படிச்சிருக்கினம்."

"நாலு பேரும் ஒரே இடத்திலை ஒரே பிழையை, ஒரே வெட்டுக்கொத்தோடை எழுதினால்?"

"பாத்தெழுதியிருக்கினம்."

"அவ்வளவுதான். இதிலை நாலு கணக்கு இல்லை. ஒரு கணக்குத்தான் நாலு தரம் எழுதிக் கிடக்கு." பிறகு சுகந்தியிடம், மெதுவாக, "நாலையும் எப்பிடித் தொடக்கினீர்?" என்றார்.

அவள் சொன்னாள். ஐயரையும் சொன்னாள், செக்கனையும் சொன்னாள்.

சேர் காற்றில் விரலால் எழுதியபடி எங்கள் எல்லோருக்குமாகச் சொன்னார். ஒவ்வொரு கணக்கும் தொடங்கும்போது அந்த மருந்தும் தண்ணீரும் எந்தப் பக்கம் முதல் அசைய வேண்டும் என்பதை, சேர் எழுதி வைத்த அந்தப் பழைய புரோகிராம், பெட்டியின் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் தீர்மானிக்குமாம். வெவ்வேறு நேரத்தில் தொடக்கினால் வெவ்வேறு முதல் அசைவு. வெவ்வேறு வழியாக அலையும். ஒரே செக்கனில் தொடக்கினால் நான்குக்கும் முதல் அசைவு ஒன்று. பிறகு கடைசி வரைக்கும் எல்லாம் ஒன்று. அலைந்த இடமெல்லாம் ஒரே இடம். "நாலு பேர் சந்தையைச் சுத்திப் பாத்து வந்தவை எண்டு நினைச்சம். ஒராள்தான் போய் வந்திருக்கிறார். அவர் காணாத கடை எத்தினை எண்டு ஆருக்குத் தெரியும்?"

வடை ஆறிவிட்டது. ஒருவரும் தொடவில்லை. நான்தான் அள்ளிக்கொண்டு போனேன்.

இனித் திரும்ப ஓட்ட வேண்டும். திரும்ப ஓட்டினால் திகதி தவறும். இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்தக் கிழமையே தகப்பன் யோகராசா வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை. சேரின் மேசைக்கு முன் நின்று பையை மேசைமேல் வைத்தார். பாரை மீன். சேர் பிறந்ததிலிருந்து சைவம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. நான் பதறிப்போய்ப் பையை எடுத்தேன்.

"இது லஞ்சம் இல்லை ஐயா. மீன்" என்றார் அவர்.

"தெரியும். இருங்கோ" என்று சேர் கதிரையைக் காட்டினார். அவர் இருக்கவில்லை.

"பிள்ளை சொன்னவள். நாலு விடையும் ஒண்டுதானாம். பிழையெண்டும் இல்லையாம். ஒரு கையெழுத்துத்தானே ஐயா. அங்கை இருக்கிறவை இதைக் கிண்டிப் பாக்கப் போகினமே?"

"பாக்க மாட்டினம்."

"அப்ப?"

"பாக்க மாட்டினம் எண்டதாலைதான் நான் பாக்க வேண்டிக் கிடக்கு."

யோகராசா மேசை விளிம்பில் கையை ஊன்றினார். "நாங்கள் ஊரை விட்டு வந்த நாளிலை இருந்து எங்கடை எண்டு சொல்ல ஒண்டும் இல்லை ஐயா. இவளின்ரை படிப்பு மட்டும்தான். அதையும் ஒரு செக்கனுக்காக விடச் சொல்லுறியளோ?"

சேர் கண்ணாடியைக் கழற்றவில்லை. அவர் கோபப்படவில்லை என்று அதில் எனக்குத் தெரிந்தது. "கையெழுத்து என்ரை. விடை அவளின்ரை. அவள் இது சரியெண்டு சொல்லட்டும், இப்பவே போடுறன்" என்றார்.

சுகந்தி வாசலில்தான் நின்றாள். தகப்பன் திரும்பிப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்தாள். பிறகு, "அப்பா, எனக்கு அது சரியோ எண்டு தெரியாது. தெரியாததைத் தெரியுமெண்டு எழுதிக் குடுத்திட்டு நான் அங்கை போய் என்னத்தைப் படிக்கிறது?" என்றாள்.

அவர் படியிறங்கிப் போனார். மீன் என் கையில் இருந்தது. எனக்கும் வெள்ளி. வாசல் காவலாளி வேறு சமயத்துப் பொடியன், அவனுக்குக் கொடுத்தேன். அவன் மட்டும் அன்றைக்குச் சந்தோசமாக வீட்டுக்குப் போனான்.

திரும்பத் தொடங்கினோம். இந்த முறை, மற்றவர்களின் கணக்கு முடிந்து பெட்டி காலியாகக் காலியாக ஒவ்வொன்றாய்த் தொடக்குவது என்று சேர் சொன்னார். "பாக்கியம் தன்ரை பிள்ளையளை எழுப்புற மாதிரி" என்றார். மாணவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

முதலாவதைச் சுகந்தி தொடக்கினாள். இரண்டாவதையும் அவள்தான். மூன்றாவதுக்குரிய பெட்டி காலியானது ஒரு திங்கட்கிழமை காலை, நான் அறையைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்த நேரம். திங்கட்கிழமை காலை என்றால் ராகுகாலம். இதைக் கவனியாதவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை. கடைகூடத் திறந்து வைத்துவிட்டு முதல் வியாபாரத்துக்குப் பொறுத்திருப்பார்கள்.

சுகந்தி கதிரையில் இருந்தாள். எல்லாம் எழுதி ஆயத்தம். விசைப்பலகையில் ஒரு விசையை அமத்த வேண்டியதுதான் மிச்சம். விரல் மேலே நிற்கிறது, இறங்கவில்லை. கைத்தொலைபேசியில் தாயின் குரல் எனக்கும் கேட்டது.

"மோனை, கொஞ்சம் பொறு. ராகு கழியட்டும். நல்ல நேரத்திலை தொடங்கியே இப்பிடியாய்ப் போச்சுது. கெட்ட நேரத்திலை தொடங்கினால் என்னெண்டு முடியும்?"

சேர் யன்னல் பக்கம் நின்றார். "பொறுக்கலாம்" என்றார். "ஆனால் பத்து மணிக்கே கரண்ட் வெட்டு எண்டு அறிவிச்சிருக்கினம். அதுக்கு முதல் கொஞ்சத் தூரம் ஓடினால்தான் நிப்பாட்டி வைக்கலாம். பொறுத்தால் நாளைக்கு."

"நீங்கள் அமத்துங்கோவன் சேர்" என்றாள் சுகந்தி.

"நான் அமத்தினால் உம்மடை அம்மா என்னைத் திட்டுவா. அது பரவாயில்லை. ஆனால் உமக்கு நாளைக்கு ஒண்டு பிழைச்சால், நேரமோ, சேரின்ரை கையோ எண்டு யோசிப்பீர்."

பெட்டி சும்மா கிடந்தது. அது சும்மா கிடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தூரிகையை வைத்தேன்.

"தள்ளு பிள்ளை. நான் அமத்துறன்."

"அக்கா, ராகுகாலம்..."

"தெரியும். நானும் வெறும் வயித்தோடை வீட்டிலை விளக்கு வைச்சிட்டு வந்தவள்தான். என்ரை அஞ்சும் கரை சேர்ந்திட்டுதுகள். ராகு இனி என்னட்டை வந்து என்னத்தைக் கொண்டு போறது? வாறதெண்டால் எனக்கு வரட்டும். எதை அமத்திறது, காட்டு."

சேர் பெரிய விசையைக் காட்டினார். நான் என் வலது கைச் சுட்டுவிரலால் அமத்தினேன். இரும்பு மாதிரிக் கடினமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பூ மாதிரி இறங்கிவிட்டது. பெட்டியின் வெளிச்சம் துடித்தது.

"ஆர் மோனை அமத்தினது?" என்று தொலைபேசியில் தாய் கேட்டா.

"பாக்கியக்கா."

அதற்குத் தாய், "அவவைப் பின்னேரம் கோயிலுக்குப் போகச் சொல்லு" என்றா.

நான் போனேன். பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்தேன். எதற்கு என்று ஐயர் கேட்டார். "ஒரு மருந்து இல்லாமல் போறதுக்கு" என்று சொன்னேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

நான்காவதை ஒரு மத்தியானம் சுகந்தியே தொடக்கினாள், நேரம் பார்க்காமல்.

எல்லாம் முடிய, திகதி தவறிவிட்டது. வெளிநாட்டுக்காரர் பொறுக்கவில்லை. அந்த இடம் போய்விட்டது. சுகந்தி ஒருநாள் முழுக்க ஒருவரோடும் கதைக்கவில்லை. அடுத்த நாள் வெண்பலகையில் நான்கு இலக்கங்களை எழுதினாள், புள்ளிக்குப் பிறகு வந்த எல்லாவற்றையும் சேர்த்து. நான் பார்த்தேன். ஒன்றோடொன்று ஒத்து வரவில்லை. ஒன்று கூட, ஒன்று குறைய, ஒன்று நடுவில், ஒன்று எல்லாவற்றிலும் குறைய.

சரி, இதுவும் போய்விட்டது என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் சேர் சிரிக்கிறார். மாணவர்கள் கை தட்டுகிறார்கள். சுகந்தி அழுகிறாள், ஆனால் சிரித்துக்கொண்டு.

நான்கும் ஒன்றாய் வந்தபோது செத்த வீடு மாதிரி இருந்தார்கள். நான்கும் வேறாய் வந்தபோது கலியாண வீடு மாதிரி இருக்கிறார்கள். "இப்பத்தான் அக்கா எங்களுக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது எண்டு சொல்லலாம்" என்றாள் சுகந்தி. தெரியாததைக் கண்டுபிடித்ததற்கா இவ்வளவு சந்தோசம் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு வடை வீணாகவில்லை.

ஆனால் விடை நல்ல விடை இல்லை. முதலில் நினைத்தது மாதிரி அந்த மருந்துக்குப் பிடிப்பு இல்லையாம். பள்ளத்துக்குள் இருக்கும், ஆனால் நிலைத்து இருக்காது. இதை யோகராசாவுக்கு விளங்கப்படுத்தச் சேரே அவர்களுடைய வாடகை வீட்டுக்குப் போனார். சுகந்தி கேட்டு நானும் கூடப் போனேன்.

"அப்ப ஐயா, என்ரை பிள்ளை இவ்வளவு பாடுபட்டது, ஒட்டாது எண்டு சொல்லவோ?"

"ஓம். ஒட்டாது எண்டு தெரிஞ்சதாலை இனி வேறை ஒரு பிள்ளை இதிலை வருசக்கணக்காய்க் கிடந்து உழைக்காது."

அவர் வாசலில் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்தவில்லை. "எந்த இடத்திலை மீன் இல்லை எண்டு சொல்லுற ஆளுக்கும் கடற்கரையிலை மரியாதை இருக்குத்தான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனால் ஐயா, அந்த ஆளும் சாப்பிட வேணுமே" என்றார்.

சேர் தேத்தண்ணியைக் குடித்தார். சீனி போட்டிருந்தார்கள். மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார்.

பிறகு நான் ஓய்வு பெற்றேன். சேரும் ஓய்வு பெற்றுப் பிள்ளைகளோடு கொழும்பில் இருக்கிறார். மயிலிட்டியைத் திறந்துவிட்டார்கள், யோகராசா தன் சொந்தக் கரையில் படகு வைத்திருக்கிறார். சுகந்தி பட்டத்தை இங்கேயே முடித்து, இங்கேயே கற்பிக்கிறாள். வெளிநாடு அவளுக்குப் பிறகு வாய்க்கவில்லை.

இது எனக்குள் ஒரு முள்ளாகக் கிடந்தது. கட்டுரை கேட்டு அவள் வந்திருந்தபோது, தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. அண்டைக்கு நான் ராகுகாலத்திலை அமத்தினதாலையோ உனக்கு அந்த இடம் தவறினது?"

அவள் சிரித்தாள். "இடம் தவறினது நல்ல நேரத்தாலை அக்கா. நல்ல நேரம் பாத்து நாலையும் ஒண்டாய்த் தொடக்கினதாலை. அது இருக்கட்டும், உங்களுக்கு ஒண்டு சொல்ல மறந்து போனன். நாலு கணக்கிலையும் ஆகக் கூடின தூரம் அலைஞ்சது நீங்கள் தொடக்கினதுதான். அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்திலை ஒரு கதவு மாதிரி ஒரு இடம் இருக்கு. மருந்து அதாலை நழுவி வெளியிலை வரும். மற்ற மூண்டும் அந்தக் கதவைக் காணேல்லை. உங்கடைதான் கண்டுது."

"அது நல்லதோ கெட்டதோ?"

"அது உண்மை அக்கா."

நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. அவள் போன பிறகும் யோசித்துப் பார்த்தேன். நல்ல நேரத்தில் தொடங்கியது வீணாய்ப் போனது. கெட்ட நேரத்தில் நான் அமத்தியது கதவைக் கண்டது. அந்தக் கதவால் மருந்தும் போனது. எனக்கு ஒன்றும் வரவில்லை. முழங்கால் வலி மட்டும்தான், அது முன்னமே இருந்தது. ராகு யாரிடம் வந்தார், யாரை விட்டுவைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் திங்கட்கிழமைகளில் நேரம் பார்த்துத்தான் எதையும் தொடங்குகிறேன். இந்தக் கட்டுரையையும் அப்படித்தான் தொடங்கினேன்.

சரி, இவ்வளவும் போதும். ஆரணி, பேனையை வைச்சிட்டு முதலிலை இருந்து வாசி பிள்ளை. மெதுவாய் வாசி. அங்கங்கை ஒண்டு ரெண்டு சொல் மாறியிருந்தால் பரவாயில்லை. நான் சொன்னது அச்சொட்டாய் அப்பிடியே இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.